பெரிய தம்பிக்கு அம்மா எழுதுவது

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள பெரிய தம்பிக்கு,

இங்கே நானும் உன் தங்கையும் சுகம். நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டதாகத் தங்கை சொன்னாள். சின்னப் பேரனுக்கு நெஞ்சுச் சளி சீக்கிரம் பிடிக்கும். காதை மூடாமல் காலையில் பள்ளிக்கு அனுப்பாதே.

போனிலேயே பேசலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு வேறொரு அழைப்பு வந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டால், யார் வீட்டில் என்ன விசேஷம், எந்தக் கடை மூடிவிட்டது என்று ஊர்க்கதை எல்லாம் கேட்பாய். இப்போது சில வாரங்களாக "சரி அம்மா", "பார்க்கலாம் அம்மா" என்பதோடு முடிந்துவிடுகிறது. வேலை அதிகம் என்கிறாய். இருக்கட்டும். கடிதத்தில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். நிதானமாக உட்கார்ந்து படி. எதையும் நிதானமாகப் படி. முழுதும் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. அப்பா உனக்குச் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

முதலில் விஷயங்கள். அப்பாவின் திவசம் அடுத்த மாதம் வருகிறது. கோயில் பண்டாரத்திடம் சொல்லிவிட்டேன். திவசம் முடிந்த அந்த வாரத்திலேயே நில அலுவலகத்தில் விசாரணை. அப்பா பெயரில் இருக்கும் வீட்டையும் பின்னால் உள்ள துண்டு நிலத்தையும் பங்கிட நாள் குறித்துக் கடிதம் வந்திருக்கிறது. வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும். இந்த மாதிரிச் சின்னச் சொத்துக்கு வக்கீலே வேண்டாம், நில அலுவலகத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்று ஊரில் எத்தனை விதவைகளிடம் சொல்லி, மனுவையும் தானே எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் அப்பா! இன்று அதே மனுவை நான் அவருக்காகப் போட்டிருக்கிறேன். அடுத்த விஷயம், கட்டடக்காரத் தவுக்கே அப்பாவின் வக்கீல் ஆபீஸ் இருந்த மாடியைத் திரும்பக் கேட்கிறார். இவ்வளவு நாள் வாடகையை ஏற்றாமல் விட்டதே பெரிது.

சின்னப் பேரன் நன்றாகப் பேசுகிறான். போன தடவை வீடியோவில், "பாட்டி, அப்பாவுக்கு ஒரு செடி கொடுக்கப் போகிறார்கள்" என்றான். என்ன செடி, யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதற்குள் மருமகள் போனை வாங்கிக்கொண்டு, குழம்புக்குப் புளி எவ்வளவு ஊற வைக்க வேண்டும் என்று கேட்டாள். குழம்பு வைப்பதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் அப்படிக் கேட்டது எனக்கு என்னவோ போல் இருந்தது.

மாடியைக் காலி செய்யப் போனேன். வழக்குக்காக வந்த கட்சிக்காரர்களின் கோப்புகளை எல்லாம் அப்பா படுக்கையில் விழும் முன்பே கோலகங்சாரில் இருக்கும் வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டார். மிஞ்சியது மேசை, சட்டப் புத்தக அலமாரி, என்னுடைய பழைய தட்டச்சு இயந்திரம், அந்தப் பச்சைத் தகரப் பெட்டி. நீயும் தங்கையும் பள்ளி விட்டு வந்து அதன்மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை.

உள்ளே இருப்பவை தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்கள். தோட்டம் கைமாறியபோது பழைய ஆபீசைக் காலி செய்தவர்கள் அவற்றை எரிப்பதற்காக வெளியே குவித்திருந்தார்கள். அப்பா புது மானேஜரிடம் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு அத்தனையையும் அள்ளி வந்தார். கரையான் தின்ற ஓரங்களைக் கத்தரித்து நான்தான் காக்கித் தாள் ஒட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், தகப்பன் பெயர், வேலை செய்த நாள், அரிசிக் காசு, முன்பணம் என்று கோடு போட்டிருக்கும். ஓரத்துக் கட்டத்தில் சில பெண்களின் பெயருக்கு நேரே பிரசவ அலவன்ஸ் என்று ஒரு தொகையும் தேதியும் இருக்கும். அந்தக் கட்டம்தான் அப்பாவுக்கு வேண்டும்.

தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதியப்படாமலே வளர்ந்த பிள்ளைகள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! பிறப்பைப் பதியத் தகப்பன் டவுனுக்குப் போனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நிற்க முடியாது. அன்றைய கூலி போய்விடும். அதனால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, பிறகு மறந்தும் போயிருப்பார்கள். 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்த பிள்ளை என்றால் அது குடிமகன்தான், தாய் தகப்பன் எந்த நாட்டவர் என்ற கேள்வியே இல்லை. ஆனால் பிறந்தது எப்போது, எங்கே என்று காட்ட வேண்டும். தாய்க்குப் பிரசவ அலவன்ஸ் கொடுத்த தேதி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு மருத்துவச்சியோ பக்கத்து லயத்துக் கிழவியோ சத்தியப் பிரமாணம் கொடுப்பார்கள். அதை நான் தட்டச்சு செய்வேன்.

லிந்தாங் ரோட்டில் அப்பம் சுட்டு விற்ற அக்காவை நினைவிருக்கிறதா? நாற்பதை நெருங்கும் வரை அவருக்கு எந்த அட்டையும் கிடையாது. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு அட்டைகூட இல்லை. அவருடைய பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்திலும் அதனால் வில்லங்கம். அப்பா இரவெல்லாம் அந்தப் பெட்டியைக் கிளறி, 1960ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அக்காவின் தாய் பெயரைக் கண்டுபிடித்தார். மறுநாள் அக்காவை அழைத்து, புத்தகத்தை மேசையில் விரித்து, அந்த வரியைக் காட்டினார். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. "இதில் எது எங்கள் அம்மா?" என்று கேட்டார். அப்பா விரலை வைத்தார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெயர்மேல் உள்ளங்கையை வைத்தபடி சற்று நேரம் நின்றார். குமாஸ்தா அண்ணன் மின்விசிறியை நிறுத்திவிட்டார், தாள் பறந்துவிடக்கூடாதென்று. பிறகு அலைச்சல்தான், பதிவிலாகாவுக்கும் ஈப்போவுக்கும். தகப்பன் பெயரை ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் எழுதியிருந்தார்கள். அதற்குத் தனியாக ஒரு சத்தியப் பிரமாணம். ஆனாலும் குடிமக்களுக்கான நீல அட்டை வந்தது.

இதை எல்லாம் ஏன் அப்பா தலையில் போட்டுக்கொண்டார் என்று நீ ஒரு தடவை என்னிடம் கேட்டாய். காசு வருகிற வழக்குகளை விட்டுவிட்டுச் சிவப்பு அட்டைகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்றாய். அப்போது உனக்குப் பதினேழு வயது. நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்தவர். அப்பா 1947இல் லயத்தில் பிறந்தவர். மறு வருடம் ஜூன் 16ஆம் தேதி நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்துவிட்டது. பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்கெல்லாம் படமும் கைரேகையும் வைத்த அடையாள அட்டை கொடுத்தது அந்த வருடம்தான். இன்று நாடு முழுவதும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியும் அட்டை, நம் ஊர்த் தோட்டத்தில் வெடித்த துப்பாக்கியால் வந்தது என்று அப்பா சொல்வார். முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்கு அளவு எல்லாவற்றையும் அப்பாவைப் பெற்ற அப்பாயி உனக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறார்.

சுதந்திரம் வந்தபோது ஓராண்டுக்கு மொழிச் சோதனை இல்லாமலே குடியுரிமைக்கு மனுச் செய்யலாம் என்று அறிவித்திருந்தார்கள். தாத்தாவுக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை. சொன்னவர்களையும் அவர் நம்பவில்லை. வெள்ளைத் தாளில் கைநாட்டு வைத்தால் ஊருக்குத் திரும்ப முடியாமல் போகும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்களாம். அந்தத் தாளை ஒருவர் உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டியிருந்தால் போதும். பன்னிரண்டு வருடம் கழித்து, 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தது. தாத்தாவுக்குக் கிடைத்தது. பெரிய மாமாவுக்குக் கிடைக்கவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டினார்கள். பெரிய அத்தை நான்கு பிள்ளைகளோடு பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார். அப்பாதான் வழியனுப்பப் போனார். அவருக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது, தோட்டத்தில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. கப்பல் தளத்தில் நின்றுகொண்டு அத்தை, வீட்டுச் சாவியைக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று கத்தினாராம். லயத்து வீட்டுச் சாவி. அதை மானேஜரிடம் ஒப்படைக்க வேண்டுமே என்றுதான் அந்த நேரத்திலும் அவருக்குக் கவலை. அத்தை இந்த ஊரில் பிறந்தவர். நாகப்பட்டினத்தை அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே போனபிறகு ஊரார் கடைசி வரை அவரை மலேயாக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அப்பா சட்டம் படிக்க உட்கார்ந்தது அதற்குப் பிறகு. சிறு வயதிலேயே ஈப்போ நீதிமன்றத்தில் சீனிவாசகம் சகோதரர்கள் வாதாடுவதைப் பார்ப்பதற்காகப் பஸ் ஏறிப் போனவர்தான். ஏழை என்றால் காசு கேட்காமல் வாதாடுகிறவர்கள் என்று பேராக் முழுவதும் அவர்களுக்குப் பெயர். 1969இல் டி.ஆர். சீனிவாசகம் காலமானபோது சம்பளம் போனாலும் போகட்டும் என்று ஈப்போவுக்குப் போய் ஊர்வலத்தில் நின்றார். ஆனால் வக்கீலாக வேண்டும் என்று வாயால் சொன்னது பினாங்கிலிருந்து திரும்பிய பிறகுதான். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் படிப்பு. பகலில் செக்ரோல், இரவில் ஒப்பந்தச் சட்டம். என்னைக் கட்டிக்கொண்டபோதும் படித்துக்கொண்டிருந்தார், நீ பிறந்தபோதும் படித்துக்கொண்டிருந்தார். தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே படித்த மனிதர். உள்நாட்டிலேயே சட்டத் தொழில் தேர்வு எழுதலாம் என்று 1984இல் வந்தது நமக்குப் பெரிய வரம். லண்டனுக்குப் போய்ப் படிக்க நம்மிடம் எங்கே பணம்? நாற்பது வயதில் கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டுக்கு நான் அடகு வைத்த வளையல்களை மூன்று வருடத்தில் மீட்டுக் கொடுத்துவிட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

அப்பாயி விஷயம் உனக்கே தெரியும். தெரிந்தாலும் எழுதுகிறேன். தாத்தா சிவப்பு அட்டையோடு போய்விட்டார். அப்பாயிக்கு நீலம் வாங்கியே தீருவேன் என்று அப்பா நின்றார். மனுவை அப்பா எழுதினார், நேர்காணலுக்கு மலாய் சொல்லிக் கொடுத்தது நீ. நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய். மாலையில் வாசல் நடைபாதையான ஐந்தடியில் அப்பாயியை உட்கார வைத்து, நீ எதிரே நின்றுகொண்டு அதிகாரி மாதிரி கேட்பாய். பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், அரிசி என்ன விலை. அப்பாயி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "சாயா சூடா லாமா டிங்கால் டி சினி", இங்கே வெகு காலமாக இருக்கிறேன், என்பார். நீ, "என்னைப் பார்த்துச் சொல்லுங்கள் அப்பாயி, மேலே யாரும் இல்லை" என்று அதட்டுவாய். விலைகளில்தான் தடுமாறுவார். நீ உண்டியல் காசைக் கொட்டி எண்ண வைத்தாய். நேர்காணல் முடிந்து வெளியே வந்ததும் அப்பாயி அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேரே உன்னிடம் வந்து, "எல்லாம் கேட்டார்கள், சாமி" என்றார். 1990 தேர்தலில் அப்பாயி முதல் ஓட்டுப் போட்டார். நீல அட்டையைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் வாக்குச்சாவடிக்கு வந்தார். அதே வருடம் உனக்குப் பன்னிரண்டு வயதாகி, உன் முதல் அடையாள அட்டை வந்தது. அப்பா அன்று நீதிமன்றத்துக்குப் போகவில்லை. உன்னைப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போனார், இருவரும் இஸ்திரி போட்ட சட்டையோடு. வரும்போது கடையில் உனக்குப் பிடித்த மீ கோரெங் வாங்கிக் கொடுத்தார். உனக்கு மீ கோரெங் நினைவிருக்கும்.

நீ அப்பாவுக்கும் வாத்தியார்தான். தொண்ணூறுகளில் நீதிமன்றத்தில் மலாய் கண்டிப்பானபோது, தான் எழுதிய வாதத்தை உன்னிடம் கொடுத்துத் திருத்தச் சொல்வார். நீ சிவப்புப் பேனாவால் கோடு போடுவாய். அதைப் பார்த்து அவருக்கு வந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன். அவர் உன்னிடம் அதைக் காட்டியிருக்கமாட்டார்.

ஆபீசை ஆறு மணிக்கு மேல் திறந்து வைத்ததில்லை. சாப்பாட்டுக்கு நாம் நால்வரும் ஒன்றாக உட்கார வேண்டும், அது சட்டம். ஈப்போ நீதிமன்றத்துக்குப் போனால் புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்காமல் திரும்பமாட்டார். தைப்பிங் உயர்நீதிமன்றத்தில் வழக்கு என்றால், பள்ளி விடுமுறையாக இருந்தால், உங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். வழக்கு முடிந்து ஏரிப்பூங்காவில் மரத்தடியில் நான் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிடுவீர்கள். மழை வந்து காரின் சன்னலை ஏற்றிக்கொண்டு சாப்பிட்ட கதையைத் தங்கை இன்றும் சொல்வாள். அவளுக்குத் தலைபின்னத் தெரிந்த வக்கீல் பேராக்கில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் அவர்தான் பின்னி விடுவார், வகிடு கொஞ்சம் கோணினாலும் அவிழ்த்து மறுபடி பின்னுவார்.

கையெழுத்து விஷயத்தில் அவர் ஏன் அவ்வளவு கண்டிப்பு என்றால், அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறிய கதைதான். ஆட்களிடம் ஒரு தாளை நீட்டி, போனஸ் கணக்கு என்று சொல்லிக் கைநாட்டு வாங்கினார்கள். அது தானாக வேலையை விடுகிறேன், இந்த நாளுக்குள் வீட்டைக் காலி செய்கிறேன் என்று எழுதிய தாள். 1980ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவரை நிறுத்தினால் வருடத்துக்கு இருபது நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். தானாகவே விலகியவருக்கு அது கிடையாது. முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் ஒரு கைரேகையால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். அப்பா தொழிலாளர் இலாகாவுக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தார். சிலருக்கு வாங்கிக் கொடுத்தார். சிலருக்கு முடியவில்லை. முடியாதவர்களின் பெயர்களை அவர் சாகும் வரை மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் முன்னால் யார் கைநாட்டு வைத்தாலும், எத்தனை பக்கமானாலும், தமிழில் முழுதும் வாசித்துக் காட்டாமல் மைப்பெட்டியைத் திறந்ததில்லை. நீயும் அப்படித்தான் செய்ய வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதே. சும்மா சட்டத்தைப் படித்தால் போதாது, அதனால் என்ன போகும் என்றும் படி.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பரீட்சையில் அவ்வளவு நல்ல மதிப்பெண் வாங்கியும் நீ கேட்ட படிப்புக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை. அந்தக் கடிதத்தை நீ படித்துவிட்டு மடித்து வைத்த விதத்தை நான் மறக்கவில்லை. அப்பாவும் மறக்கவில்லை. மறு மாதமே லிந்தாங்கில் இருந்த இரண்டு ஏக்கரை விற்று உன்னைப் பெர்த்துக்கு அனுப்பினார். 1998இல் மலேசிய வெள்ளியின் மதிப்பு விழுந்து கட்டணம் ஏறியபோது, ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆபீசைத் திறந்தார். உன் பட்டமளிப்புப் படம் இன்னும் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. கழற்ற எனக்கு மனம் வரவில்லை. பெரிய சுரங்க நிறுவனத்தில் இன்ஜினியர் என்று சொல்லும்போது எனக்கு வாய் நிறைகிறது. ஆனாலும் அப்பா கண்ணை மூடுவதற்கு முன் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் பேசியிருக்கலாம். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். சரி.

உனக்கு ஒன்று தெரியாது. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு பையன், நம் பள்ளித் தலைமையாசிரியரின் மகன், ஒரு பாரத்தோடு அப்பாவிடம் வந்தான். குடியுரிமையை விட்டுவிடும் பாரம். அவர்கள் அதைப் பாரம் 'கே' என்பார்கள். எத்தனையோ பேருக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்தவரிடம் இதையா கொண்டு வந்தாய் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அப்பா அவனை உட்காரச் சொன்னார். குடிமகனுக்குக் குடியுரிமையைத் துறக்கவும் உரிமை உண்டு, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவில் அது இருக்கிறது என்றார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பையனுக்குப் பாரம் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினார். பிறகு, "உன் அப்பாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "முதலில் அவரிடம் சொல்லிவிட்டு வா" என்று அனுப்பினார். அவன் போய்ச் சொல்லிவிட்டு மறுநாள் வந்தான். அப்பா முறையாக எல்லாவற்றையும் செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. இரவில் சாப்பாட்டில் கைவைக்கவும் இல்லை.

செடி எதற்கு என்று தங்கையிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. எங்கேயோ தேடிப் பார்த்துச் சொன்னாள். அந்த ஊரில் ஒரு விழாவில் நகராட்சிக்காரர்கள் கொடுப்பார்களாம், உறுதிமொழி எடுத்தவர்களுக்கு. நல்ல செடி, அந்த மண்ணிலேயே முளைக்கிற செடி என்றாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. அப்பாவின் தட்டச்சுப் பெண்ணாக இத்தனை வருடம் இருந்தவளுக்கு 24ஆம் பிரிவும் தெரியும், இரண்டு நாட்டுக் குடிமகனாக இருக்க நம் சட்டம் விடாது என்பதும் தெரியும். அந்த விழாவுக்குப் பிறகு இன்னொரு பாரம் வரும், அதோடு அடையாள அட்டையான மைகார்டையும் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள். உன் வேலைக்கு அது தேவைப்படலாம். போய்வர வசதியாக இருக்கலாம். எனக்கு விளங்காமல் இல்லை. அப்பா இருந்தால் உன்னைத் தடுத்திருக்கமாட்டார், உனக்கும் உட்கார்ந்து வாசித்துத்தான் காட்டியிருப்பார். ஆனால் நான் வக்கீல் இல்லை தம்பி. நான் உன் அம்மா. அப்பாயியை ஐந்தடியில் உட்கார வைத்து நீ கேள்வி கேட்டதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தவள். என்னிடம் சொல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. போட வேண்டியிருந்தால் முதலில் இங்கே வந்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் சொல். நான் அழுதாலும் அழுவேன். நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தகரப் பெட்டியை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. அப்பம் சுட்ட அக்காவின் மகள் இப்போது சட்டம் படிக்கிறாள், அவள் கேட்டிருக்கிறாள். எனக்குக் கொடுக்கச் சம்மதம்தான். ஆனால் நீ பெரியவன், உன்னைக் கேட்காமல் கொடுக்கமாட்டேன். தங்கைக்குக் கிள்ளானில் வீடு பார்க்கிறார்கள், விலை எல்லாம் யானை விலையாக இருக்கிறது. மாமரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்தது, ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். விமான நிலையத்தில் அங்கே பிடுங்கிக்கொள்வார்கள் என்பாய். இங்கே இருக்கும் நாட்களில் சாப்பிடு.

திவசத்துக்கு வரும்போது எனக்குக் கம்பளி, போர்வை என்று எதுவும் வாங்கிக்கொண்டு அலையாதே. நில அலுவலகத்தில் நகல் எடுபடாது, வாரிசுகள் அடையாள அட்டையின் அசலைக் கொண்டுவர வேண்டும் என்று குமாஸ்தா அண்ணன் விசாரித்துச் சொன்னார். குடிமகன் அல்லாதவர் பெயருக்கு நிலத்தை எழுதுவதென்றால் மாநில அரசின் அனுமதிக்குத் தனியாக மனுப் போட வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும் என்றும் சொன்னார். அவர் பொதுவாகச் சொன்னதுதான். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. போன தடவை நீ புறப்படும்போது மைகார்டைப் பர்சில் வைத்ததைப் பார்த்தேன். அது இன்னும் உன்னிடம் இருக்கிறதா என்று மட்டும் எழுது. போனில் சொல்ல வேண்டாம், எழுது. விசாரணை நாளுக்கு முன்னால் எனக்குக் கிடைக்கிற மாதிரி அனுப்பு.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா